வளவுப் பறவைகளும் வழக்குப் பெயர்களும்

வெள்ளவத்தையிலே, காலி வீதியிலிருந்து கடற்கரையை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடி வீடொன்றின் மூன்றாம் மாடியில் ஒரு காலைப் பொழுதைக் கழிக்க எனக்கு நேர்ந்தது. பக்கத்து வளவிலே எஞ்சி நின்ற ஒற்றைப் பலாமரத்தின் அடியில் ஒரு பறவை நடந்து திரிந்தது. காகத்தின் அளவு, நீண்ட வால், கரிய உடல், செங்கல் நிறச் சிறகு, குன்றிமணி போலச் சிவந்த கண். 'ஊப், ஊப், ஊப்' என்று ஆழ்ந்த குரலிலே அது ஒலித்தபோது, அவ்வீட்டுச் சிறுவன், "அப்பம்மா, அது என்ன குருவி?" என்று கேட்டான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மகனோடு தங்கியிருக்கும் அம்மூதாட்டியார், "அது செண்பகம், ராசா" என்றார். "செண்பகம் பூவெல்லோ, அப்பம்மா?" என்று பேரன் மறுத்தான். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்த அன்பர் ஒருவர், தம் வீட்டார் அதனைச் செம்போத்து என்றே சொல்வர் என்றார். கீழ்த்தளத்துச் சிங்கள நண்பரோ 'எட்டிகுக்குளா' என்றார். சிறுவனுடைய ஆங்கிலப் படப் புத்தகம் 'கூக்கல்' என்றது. "இவற்றுள் எது சரியான பெயர்?" என்பது சிறுவனின் அடுத்த கேள்வி.

நான்கும் சரியான பெயர்களே. ஆயினும் அவ்விடையோடு நின்றுவிட்டால் அக்கேள்வியின் பயன் நமக்குக் கிட்டாது. ஒரு பறவைக்கு மக்கள் இட்ட பெயர், அப்பறவையிடத்தில் அம்மக்கள் எதனை முதலிற் கவனித்தனர் என்பதற்குச் சான்றாகும். செண்பகம் என்பது செம்பகம் என்றும் வழங்கும். செம்பகம், செம்போத்து ஆகிய இரண்டிலும் முதலில் நிற்பது செம்மை. தமிழர் அதன் நிறத்தைக் கண்டனர். சிங்களவர் அதன் நடையைக் கண்டனர். நிலத்திலே மிடுக்காக நடப்பதனால் அதற்குச் சேவலின் பெயரை அளித்தனர். குக்குளா என்ற சிங்களச் சொல்லும், நம் இலக்கியங்களில் வரும் குக்குடம் என்ற சொல்லும் ஒரே வடசொல்லினின்று பிறந்தவை. ஆங்கிலேயர் அதனைக் காகமும் காட்டுக்கோழியும் கலந்ததாக எண்ணி 'குரோ ஃபெசன்ட்' என்றனர். இந்தியாவுக்குப் புதிதாய் வந்த வெள்ளையர் சிலர் அதனைக் கோழியென்றே நம்பிச் சுட்டு உண்டு, அதன் சுவையால் ஏமாந்தனர் என்பர். உண்மையில் அது சேவலுமன்று, காகமுமன்று. குயிலின் குலத்தைச் சேர்ந்தது. ஆனாற் குயிலைப் போலப் பிறர் கூட்டில் முட்டையிடாது, தானே கூடு கட்டித் தன் குஞ்சைத் தானே வளர்க்கும்.

கொழும்பு மாநகரம் இத்தகைய பெயர்களை ஆராய்தற்கு ஏற்ற இடமாகும். இலங்கையின் பல திசைகளிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்த தமிழர் இங்கே கூடி வாழ்கின்றனர். வெள்ளவத்தையிலே யாழ்ப்பாணத்து வழக்கு மிகுதியாகக் கேட்கும். கொட்டாஞ்சேனையிலோ கரையோரத்துப் பழங்குடிகளின் பேச்சும், தமிழகத்து வணிகக் குடும்பங்களின் பேச்சும், மலையகத்திலிருந்து இறங்கி வந்தோரின் பேச்சும் கலந்து கேட்கும். இவற்றுக்கு அடுத்த வேலியிலே சிங்களம் இருக்கிறது. இவ்விரு ஊர்களின் பெயர்களும் மரஞ்செடிகளை நினைவூட்டுவன என்பதையும் காண்க. வெள்ளவத்தை என்பதன் ஈற்றிலுள்ள 'வத்தை' சிங்களத்திலே தோட்டம். முழுப் பெயரும் மணற்றோட்டம் எனப் பொருள்படும். கொட்டாஞ்சேனையின் ஈற்றிலுள்ள சேனை, காடு வெட்டிப் பயிரிடும் நிலம். தோட்டமும் சேனையும் இருந்த இடங்களில் இன்று சுவர்கள் எழுந்துள்ளன. எனினும் பறவைகள் முற்றாகப் போய்விடவில்லை.

முதலிற் காகத்தை எடுத்துக்கொள்வோம். கழுத்தும் மார்பும் சாம்பல் நிறமாக உள்ள ஊர்க்காகம் ஒன்று. உடல் முழுவதும் கருமையான அண்டங்காகம் மற்றொன்று. தமிழர் இவ்விரண்டையும் நன்கு பிரித்தறிந்தனர். விரத நாட்களில் ஒரு பிடி சோற்றை வைத்து 'கா, கா' என அழைக்கும்பொழுது முதலில் வந்து இறங்குவது ஊர்க்காகமே. இக்காகத்துக்குச் சிங்களத்தில் 'கொலம்ப காக்கா', அதாவது கொழும்புக் காகம், என்று பெயர். ஆங்கிலத்திலும் அதற்குரிய பெயர்களுள் ஒன்று கொழும்புக் காகம் என்பதே. துறைமுகமும் சந்தையும் குப்பை மேடும் உள்ள இடத்தையே நாடி வாழும் இப்பறவையைத் தலைநகரின் பெயரால் அழைத்தமை மிகவும் பொருத்தமாகும். கப்பலேறிக் கிழக்காபிரிக்காவின் துறைமுகங்களிலும் செங்கடற் கரைகளிலும் குடிபுகுந்த பறவையும் இதுவே. கொட்டாஞ்சேனைக்கு வடக்கே, மட்டக்குளிக் கடற்கரையிலே காக்கைத்தீவு என்றோர் இடமுண்டு. யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டைக்கு அருகிலும் காக்கைதீவு என ஓர் இடமுண்டு. வடக்கிலிருந்து வந்து குடியேறியவர் ஒருவர் கொழும்பிலே தம் ஊரின் பெயரைக் கேட்டு வியந்தாராயின், அவ்வியப்பை அவருக்கு அளித்தது ஒரு கறுத்த பறவையாகும்.

பெயரிடும் முறைகளுள் மிக எளியது, பறவை தன் பெயரைத் தானே சொல்ல விடுதல். காகம் அவ்வாறு பெயர் பெற்றதே. மற்றொன்று குக்குறுவான். பச்சை உடலும், கபில நிறத் தலையும், தடித்த அலகும் உடைய இப்பறவை பலா, ஆல், கொய்யா முதலிய மரங்களில் இலையோடு இலையாக மறைந்திருந்து, 'குட்டுறு, குட்டுறு' என்று ஓயாமற் கூவும். கண்ணுக்குப் புலப்படாத பறவையைக் காதினால் அறிந்தோர் அதன் ஒலியையே பெயராக்கினர். தமிழில் அது குக்குறுவான் ஆயிற்று. சிங்களத்திற் கொட்டோருவா ஆயிற்று. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று கொள்ள வேண்டியதில்லை. இரு மொழியினரும் ஒரே மரத்தடியில் நின்று ஒரே குரலைக் கேட்டனர் என்பது போதும். வளவுகளுக்கு வரும் பெரிய குக்குறுவானைச் சிங்களவர் பொளொஸ் கொட்டோருவா என்பர். பொளொஸ் என்பது பிஞ்சுப் பலாக்காய்.

குயிலும் அவ்வாறே. தமிழிற் குயில், சிங்களத்திற் கொஹா. சித்திரைப் புத்தாண்டு நெருங்கி முள்முருக்கு பூத்திருக்கும் காலத்தில் அதன் குரல் கேட்டால், தமிழரும் சிங்களவரும் ஒருங்கே புத்தாண்டின் வரவை நினைப்பர். ஆண்குயில் கருமை, பெண்குயிலோ கபில நிறத்திலே வெண்புள்ளியும் வரியும் உடையது. ஆதலாற் பலர் இவற்றை இருவேறு பறவைகளென எண்ணி, ஒன்றனைக் கருங்குயில் என்றும் மற்றதனை வரிக்குயில் என்றும் வழங்கினர். காகத்தின் கூட்டில் முட்டையிட்டுத் தன் குஞ்சைக் காகத்தைக் கொண்டு வளர்ப்பிக்கும் அதன் இயல்பைப் பழையோர் அறிந்திருந்தனர். பரபிருதம், அதாவது பிறரால் வளர்க்கப்படுவது, என்று வடமொழியிலிருந்து நம் நிகண்டுகளுக்கு வந்த பெயர் அதற்குச் சான்று. கொழும்புக் காகம் மிகுந்த ஊரிலே குயிலும் மிகுந்திருத்தலில் வியப்பில்லை.

இக்குயில் நம் நாட்டு இலக்கியத்திலே ஒரு நெடும் பயணமும் செய்திருக்கிறது. 15 ஆம் நூற்றாண்டிலே, கோட்டையில் ஆறாம் பராக்கிரமபாகு அரசாண்ட காலத்தில், கோகில சந்தேசம் என்னும் சிங்களத் தூதுப் பிரபந்தம் எழுந்தது. தென்கோடியிலுள்ள தெவிநுவரவிலிருந்து, அக்காலத்தில் யாழ்ப்பாணத்தை வென்று அங்கிருந்த சப்புமல் குமாரனுக்கு ஒரு குயில் செய்தி கொண்டு செல்வதாக அது பாடப்பட்டது. அதே காலத்தில் எழுந்த செலலிஹினி சந்தேசத்தில் தூது சென்றது மைனா. கோட்டையிலிருந்து களனிக்கு, இன்றைய கொழும்பின் ஓரமாகவே, அது பறந்தது. தமிழிலும் தூதுப் பிரபந்தங்கள் பல. சுன்னாகம் வரதபண்டிதர் கிளியைத் தூதாக்கிக் கிள்ளைவிடு தூது பாடினார். மைனாவுக்கு நம் முன்னோர் நாகணவாய்ப் புள், பூவை, சாரிகை எனப் பெயரிட்டிருந்தனர். இன்றோ தமிழரும் சிங்களவரும் தத்தம் பழம் பெயரை ஏட்டிலே விட்டு, மைனா என்ற வடநாட்டுச் சொல்லையே நாவில் வைத்திருக்கிறோம். ஒரு பெயர் வழக்கொழிய அப்பறவை அழிய வேண்டுவதில்லை. நாம் மறந்தாற் போதும்.

இனி, தோற்றத்தால் வந்த பெயர்களைக் காண்போம். செவ்வரத்தை வேலியிலும் பப்பாசி மரத்திலும் சோடியாக வரும் கொண்டைக்குருவியை அறியாதார் இலர். தலையிலே சிறு கொண்டை. வாலின் கீழே ஒரு செம்பொட்டு. சிங்களத்தில் இதன் பெயர் கொண்டயா, கொண்டகுருல்லா என்பாருமுளர். கொண்டை என்ற தமிழ்ச் சொல்லே கடன் சென்று சிங்களவரின் கூந்தல் முடிச்சுக்கும், அங்கிருந்து இக்குருவியின் தலைக்கும் ஏறிற்று. கொழும்பு வீடுகளிலே இப்பறவை மனிதரை அஞ்சாது உள்ளே புகுந்து, மின்விளக்கின் மூடியிலும் திரைச்சீலைக் கம்பியிலும் கூடு கட்டுவதுண்டு. அதன் பொருட்டு வாரக்கணக்காக ஒரு விளக்கை ஏற்றாதிருக்கும் குடும்பங்களும் உள. அவர்கள் எம்மொழி பேசுவோராயினும், விளக்கின்மேல் இருப்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஒன்றே.

வைகறையில் மதிலின்மேல் நின்று இனிது பாடும் கறுப்பு வெள்ளைக் குருவிக்குச் சிங்களத்திற் பொல்கிச்சா என்று பெயர். பொல் என்பது தேங்காய். வங்காளதேசம் இதனைத் தன் தேசியப் பறவையாகக் கொண்டுள்ளது. தமிழில் இதற்கு வழங்கும் பெயர்களுள் ஒன்று வண்ணாத்திக்குருவி. கரிய சிறகிலே வெளுத்தெடுத்த துணிபோல ஒரு வெண்கோடு இருத்தலை நோக்க, இப்பெயர் பொருந்துவதே. ஆயினும் நாட்டு வழக்குப் பெயர்கள் பறவையை மட்டும் காட்டுவனவல்ல. பெயரிட்ட சமூகத்தில் யார் எத்தொழிலில் நிறுத்தப்பட்டிருந்தனர் என்பதையும் காட்டிவிடுவன. அவற்றைப் போற்றும்பொழுது இதனையும் நாம் மறைத்தல் ஆகாது.

இவ்வுண்மையை இன்னும் தெளிவாகக் காட்டும் பறவையொன்று உண்டு. மங்கிய சாம்பல் நிறமும், வெளிறிய தலையும், மஞ்சள் அலகும், வெண்ணிறக் கண்ணும் உடைய சிறு பறவைகள் ஆறு முதற் பத்து வரை ஒரு கூட்டமாக வளவுக்குள் இறங்கும், சருகைப் புரட்டும், ஒன்றோடொன்று ஓயாமற் கீச்சிட்டு உரையாடும், ஒன்று பறந்தால் மற்றவை ஒவ்வொன்றாகப் பின்தொடரும். யாழ்ப்பாணத்தார் இதனைப் புலுனி என்பர். தமிழகத்தார் நிறத்தை நோக்கித் தவிட்டுக்குருவி என்பர். ஆங்கிலேயர் கூட்டத்தை நோக்கி ஏழு சகோதரிகள் என்றனர். இக்குலத்துப் பறவைகளை வடநாட்டார் ஏழு சகோதரர் என்றனர். இவ்வுறவுப் பெயர்கள் பெயரிட்டவர் அறிந்ததினும் மெய்யானவை. ஒரு சோடி குஞ்சு பொரித்தாற் கூட்டத்தின் ஏனைய பறவைகளும் இரைதேடி ஊட்டும் என்பதை ஆராய்ச்சியாளர் பின்னரே கண்டனர்.

சிங்களவர் இப்பறவைக்கு இட்ட பெயர் தெமளிச்சா. ஈற்றிலுள்ள 'இச்சா' பொல்கிச்சா முதலிய சிறு பறவைகளின் பெயர்களில் வரும் ஒலி. முற்பகுதியிலுள்ள 'தெமள' என்பது சிங்களத்திலே தமிழைக் குறிக்கும் சொல். அயலார் தமக்கு விளங்காத மொழியிலே விரைந்து உரையாடுவதைக் கேட்ட ஒருவர், இக்குருவிக் கூட்டத்தின் ஆரவாரத்தைக் கேட்டு அப்பெயரை நினைத்தார் போலும். அதனைக் கேட்டு நம்மிற் சிலர் நகைப்பர், சிலர் முகஞ்சுளிப்பர். இரண்டுக்கும் காரணமுண்டு. பேசும் மொழியே ஒருவரை அடையாளங் காட்டிக் கொடுத்த நாட்களை, 1983 ஆம் ஆண்டின் யூலை மாதத்தை, வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் மறந்துவிடவில்லை. ஆயினும் விளங்காத பேச்சைப் பறவையின் ஒலியாகக் கேட்பது ஓர் இனத்தின் குற்றமன்று, மனித இயல்பு. பண்டைக் கிரேக்கர் தம் மொழி அறியாதாரைக் குறிக்கப் படைத்த சொல்லே ஒரு குழறல் ஒலிதான். நம் பழந்தமிழரும் வேற்றுமொழி வழங்கும் நாட்டை மொழிபெயர் தேயம் என்று பிரித்து வைத்தனர். விளங்காமை இகழ்ச்சியாகவும் மாறலாம். 'அவர்கள் என்ன சொல்கிறார்கள்?' என்று கேட்கும் ஆவலாகவும் மாறலாம். எதுவாக மாறும் என்பது குருவியின் கையில் இல்லை.

இனி, இரு மொழிகளும் சேர்ந்து ஒரு முழு அறிவைத் தரும் இடம் ஒன்றைக் காட்டுவேன். இலங்கைப் பறவைகளுள் மிகச் சிறியது, மாமரத்தின் உச்சியிலே 'சிக், சிக்' என்று ஒலித்துத் திரியும் ஒரு சாம்பல் நிறச் சிட்டு. அதன் நீளம் ஏறத்தாழ 8 சென்ரிமீற்றர். மாமரத்தின் கிளையிலே வேரூன்றி அதன் சாற்றை உறிஞ்சி வளரும் ஒட்டுண்ணிச் செடியை நாம் குருவிச்சை என்கிறோம். அச்செடியின் கனியே இச்சிட்டுக்கு விருப்பமான உணவு. கனியின் விதை பசைபோல் ஒட்டுவது, எளிதில் உதிராது. சிட்டு தன் உடலை மரக்கிளையிலே தேய்த்து விதையை அகற்றும். அகற்றிய இடத்தில் விதை ஒட்டிக்கொண்டு முளைக்கும். இவ்வாறே குருவிச்சை மரத்துக்கு மரம் பரவுகின்றது. சிங்களத்தில் அச்செடியின் பெயர் பிலில. சிட்டின் பெயர் பிலிலிச்சா. தமிழர் செடியின் பெயரிலே குருவியை வைத்தனர். சிங்களவர் குருவியின் பெயரிலே செடியை வைத்தனர். தாவர நூலார் பல பக்கங்களில் விளக்கும் ஓர் உறவினை, எழுத்தறியாத தோட்டக்காரர் இருவர் ஆளுக்கொரு சொல்லிலே அடக்கிவிட்டனர். ஒரு சொல்லை மட்டும் அறிந்தவருக்குப் பாதி தெரியும். இரண்டையும் அறிந்தவருக்கு முழுவதும் தெரியும்.

காலத்தாற் பெயர் பெற்ற பறவை ஒன்றும் உண்டு. ஐப்பசி அளவில் வட இந்தியக் காடுகளிலிருந்து கடல் கடந்து வந்து, சித்திரை வரை நம் வளவுகளின் நிழலிலே சருகு கிளறி வாழும் பறவை அது. பச்சை முதுகு, நீலச் சிறகு, சிவந்த அடிவயிறு, கண்ணருகே கரிய பட்டை எனப் பல நிறம் கொண்டமையின் இந்தி பேசுவோர் அதனை நவ்ரங், ஒன்பது நிறம், என்பர். தமிழில் அதன் பெயர் ஆறுமணிக்குருவி. விடியலிலும் அந்தியிலும், ஏறத்தாழ ஆறு மணிக்கு, இரண்டு சுரமாகச் சீழ்க்கையடிப்பதால் வந்த பெயர் இது. இப்பெயர் மிகப் பழையதாக இருத்தல் இயலாது. நாழிகைக் கணக்கு மாறி மணிக்கூட்டுக் கணக்கு வந்த பின்னரே பிறந்திருக்க வேண்டும். நாட்டு வழக்கென்றால் தொன்மையானது என்று எண்ணும் நமக்கு இது நல்ல பாடம். மேலும், இப்பெயர் பூமத்திய ரேகைக்கு அண்மையிலுள்ள நாட்டுக்கே பொருந்துவது. கொழும்பிலே ஆண்டு முழுவதும் ஞாயிறு ஆறு மணியை ஒட்டியே எழும், ஆறு மணியை ஒட்டியே விழும். இலண்டன் நகரத்தார் ஒரு பறவைக்கு இப்பெயரை வைத்திருந்தால், ஆண்டின் பெரும்பகுதி அப்பெயர் பொய்த்துப் போயிருக்கும்.

சிங்களவர் இதனை அவிச்சியா என்பர். அதன் பல நிற ஆடையை மயில் கவர்ந்து சென்றுவிட்டதென்றும், அதனை நினைத்தே அது அந்தியில் முறையிடுகிறதென்றும் ஒரு கதையும் சொல்வர். ஐரோப்பிய அறிஞர் இதற்கு வைத்த பெயரோ பிட்டா. 1816 ஆம் ஆண்டில் வியேயோ என்னும் பிரெஞ்சுப் பறவை நூலார் இப்பறவைக் குலத்துக்கு அப்பெயரைச் சூட்டினார். பிட்டா என்பது தெலுங்கிலே சிறு பறவை என்று பொருள்படும் சாதாரணச் சொல். ஆந்திர நாட்டுக் கிராமத்தவர் நாவிலிருந்த சொல், இன்று உலக விஞ்ஞானத்தின் சொல்.

எல்லா இடத்திலும் அவ்வாறு நடக்கவில்லை. செவ்வரத்தம் பூவிலே தேன் பருகும், நீண்டு வளைந்த அலகுடைய தேன்சிட்டு ஒன்று கொழும்புத் தோட்டங்களில் உண்டு. விஞ்ஞான நூல்களில் அதன் பெயர் லோட்டனின் தேன்சிட்டு. ஜோன் கிதியோன் லோட்டன் என்பவர் 1752 முதல் 1757 வரை இலங்கையில் ஒல்லாந்த ஆள்பதியாக இருந்தவர். டி பெவெர் என்னும் ஓவியரைக் கொண்டு இந்நாட்டுப் பறவைகளை அழகிய படங்களாக வரைவித்தவர். 1766 இல் லின்னேயசு அவர் பெயரை அச்சிட்டுக்குச் சூட்டினார். அம்மதிப்புக்கு அவர் உரியவரே. ஆயினும் அவருடைய தோட்டத்தைப் பராமரித்தவர் அச்சிட்டை என்ன பெயரிட்டு அழைத்தாரோ, அப்பெயர் நூலில் ஏறவில்லை. கொழும்பு நூதனசாலையிற் பணியாற்றிய ஜோர்ஜ் மொரிசன் ஹென்றி, 1955 இல் வெளியிட்ட இலங்கைப் பறவைகள் பற்றிய தம் வழிகாட்டி நூலிலே, பல பறவைகளுக்கு ஆங்கிலப் பெயரோடு சிங்களப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் சேர்த்துப் பதிந்தார். அது பேருதவி. எனினும் நூலிற் பதிந்த பெயர் உலர்ந்த இலை போன்றது. நாவில் வழங்கும் பெயரே கிளையில் நிற்கும் இலை.

அவ்வழக்கு இன்று எந்நிலையில் உள்ளது? சிட்டுக்குருவியின் கதை இதற்கு விடை தரும். குருவி என்றாலே நம் முன்னோருக்கு முதலில் நினைவுக்கு வந்தது அதுவே. வீட்டோடு வாழ்வதால் யாழ்ப்பாணத்தார் அதனை அடைக்கலாங்குருவி என்றனர். சிங்களவர் கேகுருல்லா, வீட்டுக்குருவி, என்றனர். இரு சாராரும் அது தங்குதற்கு இறவாணத்திலே சிறு முட்டியைக் கட்டித் தொங்கவிட்டனர். முட்டி என்ற சொல்லும் இரு மொழிக்கும் பொது. அது கூடு கட்டிய வீடு செழிக்கும் என்ற நம்பிக்கையும் பொது. இன்று வெள்ளவத்தையின் தொடர்மாடிகளுக்கு இறவாணமில்லை. முட்டி கட்ட இடமுமில்லை. அரிசி புடைக்கும் முற்றமில்லை. குஞ்சுக்கு ஊட்டப் புழு தரும் செடியுமில்லை. அடைக்கலங் கொடுப்பார் இல்லாத இடத்தில் அடைக்கலாங்குருவி அருகிவிட்டது. 2010 ஆம் ஆண்டு முதல் மார்ச்சு 20 உலகச் சிட்டுக்குருவி நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஒரு காலத்திற் சோற்றுப் பானையருகே கொத்தித் திரிந்த பறவைக்கு ஆண்டில் ஒரு நாள் ஒதுக்கும் நிலைக்கு வந்திருக்கிறோம்.

பறவை போனாற் பெயர் போகும் என்பது வெளிப்படை. பெயர் போனாலும் பறவை போகும் என்பதை நாம் எண்ணுவதில்லை. பெயரறியாத பறவையின் மறைவை எவரும் உணர்வதில்லை. பலாமரத்தை வெட்டும்பொழுது, 'குக்குறுவான் இனி எங்கே போகும்?' என்று கேட்பதற்கு, குக்குறுவான் என்ற சொல்லை ஒருவர் அறிந்திருத்தல் வேண்டும். அப்பெயரைப் பேரனுக்குச் சொல்லும் பாட்டியார் வடக்கே ஓர் ஊரில் இருக்க, பேரன் கொழும்பிலோ கனடாவிலோ வளர்வானாயின், எத்தனையோ தலைமுறையாகச் சேர்த்து வைத்த சொற்கள் ஒரு தலைமுறையிலே அறுந்துபோகும். நம் காலத்திலே பல குடும்பங்களுக்கு நேர்ந்திருப்பது இதுவே.

இதற்குச் செய்யத்தக்கது எளிது. நாளைக் காலை, வீதியின் இரைச்சல் எழுமுன், சாளரத்தைத் திறந்து சிறிது நேரம் செவி கொடுங்கள். கேட்கும் குரல் எதுவென்று வீட்டில் மூத்தவரைக் கேளுங்கள். அவர் சொல்லும் பெயரை, அவருடைய ஊர்ப் பெயரோடு ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். புத்தகத்துப் பெயரோடு அது ஒவ்வவில்லையே என்று திருத்தாதீர்கள். பின்னர் மதிலுக்கு அப்பாலுள்ளவரிடம் அதே பறவையைக் காட்டி, அவர் மொழியில் அதன் பெயர் யாதெனக் கேட்டு, அதனையும் பக்கத்தில் எழுதுங்கள். குருவிச்சையும் பிலிலிச்சாவும் போல, இரு பெயர்களும் சேர்ந்து நீங்கள் முன்பு காணாத ஒன்றைக் காட்டக்கூடும்.

அன்று அச்சிறுவனுக்கு நான் அளித்த விடையும் இதுவே. நான்கு பெயர்களையும் அவன் தன் படப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டான். அப்பம்மாவின் பெயரை முதலில் எழுதினான். எழுதி முடித்து அவன் நிமிர்ந்தபோது பலாமரத்தடியிற் செண்பகத்தைக் காணவில்லை. அடுத்த வளவிலிருந்து 'ஊப், ஊப்' என்று அதன் குரல் கேட்டது. "அப்பம்மா, செண்பகம் அங்கால போயிட்டுது" என்று அவன் உள்ளே ஓடினான்.